அஃப்ஷாவின் பெருநாள் காசு

நோன்பு முடிகிற வாரத்தில் முகைதீன் ஒரு தாராளம் செய்தான். "இந்த வருசப் பெருநாள் காசு முழுக்க ஒனக்குத்தாம்மா. நீயே வச்சுக்க, நீயே செலவு பண்ணு. இப்பமே பழகணும்லா" என்று பத்து வயது மகள் அஃப்ஷாவிடம் சொல்லிவிட்டு, மும்பை தாராவியில் தோல்பை தைக்கும் தன் பட்டறைக்குப் போய்விட்டான். வாக்குக் கொடுத்தவன் அவன். மாட்டிக்கொண்டவள் அவன் மனைவி சைனப்.

எல்லா வீட்டிலும் நடக்கிற சங்கதிதான். பெருநாளில் பெரியவர்கள் பிள்ளைக்குத் தருகிற காசை உம்மா "பத்திரமா வைக்கேன்" என்று வாங்கிக்கொள்வாள். அதே காசு சாயங்காலம் வேறு வீட்டுப் பிள்ளைகளின் கைக்குப் போய்விடும். சைனபும் அப்படித்தான் இத்தனை வருடம் மானத்தைக் காப்பாற்றி வந்தாள். குர்லாவில் முகைதீனின் அக்கா ஜுலைகாவுக்கு நான்கு பிள்ளைகள். ஆளுக்கு நூறு. குறைந்தால் மதினியின் முகத்தில் எப்படி விழிப்பது?

பெருநாளன்று மதியத்துக்குள் அஃப்ஷாவின் சிவப்புப் பர்சில் எழுநூறு ரூபாய் சேர்ந்தது. அவள் ஆசைப்பட்ட ஸ்கேட்டிங் ஷூவுக்கு இன்னும் ஐந்நூறு வேண்டும். சைனபிடம் பஸ்ஸுக்கு மட்டும்தான் இருந்தது. பிள்ளை எதிர்வீட்டுக்கு ஓடிய நேரத்தில் பர்சைத் திறந்தாள். திறந்ததும் தன்மேலேயே வெட்கமாகப் போயிற்று. மூடி வைத்துவிட்டாள்.

அஃப்ஷா வந்ததும் நேராகவே கேட்டாள். "ஒரு நானூறு குடும்மா. குர்லாப் புள்ளைங்களுக்குக் குடுக்கணும்."

"அப்ப போன வருசம் நீங்க பத்திரமா வச்சது?"

"அதும் அங்கதான் போச்சு. எல்லா வருசமும்."

அஃப்ஷா பர்சைத் திறந்து நோட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். அழுது தீர்த்திருந்தால்கூடச் சைனப் தாங்கியிருப்பாள்.

கடைசியில் பிள்ளை சொன்னாள். "வாப்பா பக்காவா சொன்னாங்க, இது என் காசுன்னு. நாந்தான் குடுப்பேன். ஆளுக்கு அம்பது."

குர்லாவில் அவள் ஐம்பது ஐம்பதாக நீட்டியபோது சைனப் சேமியாக் கிண்ணத்தைவிட்டுத் தலை நிமிரவில்லை. ஜுலைகா அவளை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். தொலைந்தோம் என்று நினைத்துக்கொண்டே போனாள்.

"என்ன, அம்பதா?"

"புள்ள காசு மதினி. அவ இஷ்டம்."

ஜுலைகா பெருமூச்சு விட்டாள். "நல்லதாப் போச்சு. நீ நூறு குடுக்கியேன்னு நானும் எல்லா வீட்டுக்கும் நூறு குடுத்து முழி பிதுங்கிப் போயிருக்கேன். எம்புள்ளைங்க காச ஒரு வருசம்கூட அவங்க கையில விட்டதில்ல." அஃப்ஷாவுக்கு அவளும் ஐம்பதுதான் கொடுத்தாள், மனசார.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம் நெருக்கியடித்தது. அஃப்ஷா பர்சை உம்மாவிடம் நீட்டினாள். "நீங்க வச்சுக்கங்க. கூட்டத்துல எவனாச்சும் எடுத்துருவான்."

"என்கிட்டயா?"

"நீங்க தொறந்துட்டு ஒண்ணும் எடுக்காம மூடினத வாசல்ல நின்னு பாத்தேன்."

சைனபுக்குக் கண் நிறைந்துவிட்டது. தாராவி வரும்வரை பர்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தாள்.