ஜல்மல் பீட்சாவின் மூன்றாம் எண் கார்

2025 ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி மாலை ஆறே முக்கால் மணிக்கு, உத்தமன் என்பவர் கல்கத்தாவின் டாக்குரியாவில் உள்ள ஜல்மல் ஃபேமிலி பீட்சா கடையிலிருந்து சென்னைக்குக் கார் ஓட்டிக்கொண்டு கிளம்பினார். கார் ஒரு விளையாட்டு இயந்திரத்துக்குள் இருந்தது. இயந்திரம் கடையை விட்டு நகரவில்லை. ஐம்பத்தோராவது மாலை அவர் சென்னை போய்ச் சேர்ந்தார். அன்று கடையில் ஒரு பிறந்தநாள் விருந்து நடந்துகொண்டிருந்ததால் பலரும் அதைக் கவனிக்கவில்லை.

கடையை நடத்துபவர் ரஞ்சனா. அவர் கிதிர்ப்பூர் துறைமுக ஏலத்தில் வாங்கிய பழைய இயந்திரங்கள் நான்கு அங்கே இருக்கின்றன. புள்ளிகளைத் தின்றுகொண்டே ஓடும் உருண்டை ஒன்று, விண்கலம் ஒன்று, சாலையைக் கடக்கும் தவளை ஒன்று, இருக்கையும் ஸ்டீயரிங்கும் வைத்த கார் ஒன்று. கார் இயந்திரத்தின் எண் மூன்று. அது ஜப்பானிலிருந்து ஜோடியாக வந்தது. நடுவே ஒரு ஒயர் இருந்ததாகவும், ஜோடியில் மற்றொன்றைச் சென்னைக்காரர் ஒருவர் எடுத்துக்கொண்டதாகவும், ஒயரைப் பிளேடால் அறுத்துப் பிரித்ததாகவும் ரஞ்சனா சொல்கிறார். பின்னால் நடந்தவற்றுக்கு இதுதான் காரணமா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அறுந்த ஒயர் இயந்திரத்தின் பின்னால் இன்றும் தொங்குகிறது. அதில் மின்சாரம் இல்லை என்று சோதித்துப் பார்த்தாகிவிட்டது.

உத்தமனுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. ரயில்வேயில் கால அட்டவணைப் பிரிவில் வேலை. மனைவி அனுராதா, மகள் அக்‌ஷயாவை அழைத்துக்கொண்டு சென்னைக்குப் போய் நான்கு வருடம் ஆகியிருந்தது. போகும்போது அக்‌ஷயாவுக்கு ஆறு வயது, தமிழைவிட வங்காளம் நன்றாகப் பேசுவாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உத்தமன் போன் செய்வார். முதல் வருடம் அவள் அரைமணி நேரம் பேசினாள், இரண்டாம் வருடம் பத்து நிமிடம், மூன்றாம் வருடம் ‘ம்’, ‘சரி’ என்று இரண்டு சொற்கள். நான்காம் வருடம் மார்ச் மாதத்திலிருந்து போனுக்கே வரவில்லை. ரயில்வே பாஸ் இருந்ததால் உத்தமன் ஒருமுறை பெரம்பூர் வரை போய், அவர்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் கீழே நின்றார். மகளுக்கு அபாகஸ் வகுப்பு இருப்பதாக வாட்ச்மேன் வந்து சொன்னார். வகுப்பு முடியும்வரை நிற்கலாம் என்று உத்தமனுக்குத் தோன்றவில்லை. திரும்பும் ரயிலுக்கு நேரமாகியிருந்தது.

அதன் பிறகு வாரத்தில் மூன்று நாள் அவர் ஜல்மலில் சாப்பிட்டார். சின்ன பன்னீர் பீட்சா, பாதியை அங்கேயே தின்று பாதியைக் கட்டி எடுத்துப் போவார். கடையில் எல்லா மேஜைகளும் நான்கு பேருக்கானவை. ஜூலை முதல் தேதி மழை, கூட்டம் அதிகம்.

“உத்தம்தா, நாலு பேர் டேபிளை ஒருத்தருக்கே குடுத்தா நான் கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான்,” என்றார் ரஞ்சனா. “அந்தக் காருக்குள்ள போய் உட்காருங்க. ஏசிக் காத்தும் அங்கதான் வருது.”

சும்மா உட்கார்ந்திருக்கக் கூச்சப்பட்டு உத்தமன் ஒரு டோக்கனைப் போட்டார். அந்த இயந்திரத்தில் வழக்கமாக வருவது கடற்கரைச் சாலையும் பாலைவனமும். அன்று திரையில் டாக்குரியா மேம்பாலம் வந்தது. மழையும் வந்தது. அவர் பாலத்தில் ஏறி, ஆற்றைக் கடந்து, சாந்த்ராகாச்சி தாண்டிப் பதினோரு கிலோமீட்டர் போனபோது நேரம் முடிந்தது. மறுநாள் டோக்கன் போட்டதும் கார் அதே இடத்தில், அதே லாரிக்குப் பின்னால் நின்றது.

இந்த இடத்தில் வேறு ஒருவர் ஆச்சரியப்பட்டிருக்கலாம். உத்தமன் வீட்டுக்குப் போய் ஒரு கால அட்டவணை தயாரித்தார். மாலைக்கு முப்பது முதல் முப்பத்தைந்து கிலோமீட்டர், கரக்பூர் ஐந்தாம் நாள், பாலேஸ்வர் எட்டாம் நாள், சென்னை ஐம்பதாம் நாள். தாமதத்துக்கு ஒரு தனிக் கட்டம் போட்டிருந்தார். கடைசி நிறுத்தத்துக்கு எதிரே ‘அக்‌ஷயா கீழே வருவாள்’ என்று எழுதி, பிறகு ‘வரலாம்’ என்று திருத்தியிருந்தார். அந்தத் தாள் இப்போது ரஞ்சனாவின் கல்லாவுக்கு மேலே ஒட்டப்பட்டிருக்கிறது.

ஜூலை மாதம் முழுவதும் பயணம் அட்டவணைப்படியே நடந்தது. சிலிகா ஏரியின் ஓரம் ஓட்டிய இரண்டு மாலைகளிலும் கடை முழுக்க உப்புத் தண்ணீர் வாடையும் இறால் வாடையும் அடித்தன. ஆறாவது மேஜையில் இருந்த பெண்மணி சைவ பீட்சாவில் இறால் போட்டுவிட்டதாகப் புகார் செய்தார், அவருக்கு வேறு பீட்சா கொடுக்கப்பட்டது. பிரம்மபூருக்குத் தெற்கே உத்தமனின் வலது முழங்கை வெயிலில் கறுத்தது. ஜன்னல் பக்கம் என்பதால் அது இயல்புதான். விசாகப்பட்டினத்தில் காற்று பலமாக வீசி, பக்கத்து மேஜையின் காகித நாப்கின்கள் பறந்தன. அந்த மேஜையை ரஞ்சனா நகர்த்திப் போட்டார். சின்னப் பிள்ளைகள் சிலர் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மோதவும் இல்லை, யாரையும் சுடவும் இல்லை என்பதால் தவளைக்கே திரும்பிப் போய்விட்டார்கள்.

முப்பத்திரண்டாம் நாள் கோதாவரிப் பாலத்தில் ஒரு சிவப்புக் கார் எதிரே வந்தது. அது நேராக வரவில்லை, இப்படியும் அப்படியும் தள்ளாடி வந்தது. ஹெட்லைட்டை அணைத்து அணைத்துப் போட்டது. அந்த வெளிச்சத்தில் ஓட்டுபவர் முகம் தெரியவில்லை. உத்தமன் மிகச் சுத்தமாக ஸ்டீயரிங்கை ஒடித்து விலகினார். சிவப்புக் கார் பாலத்தின் முடிவில் திரும்பி, அவருக்குப் பின்னால் வரத் தொடங்கியது. அன்றும் மறுநாளும் அது விடாமல் பின்தொடர்ந்து லைட் போட்டது. முந்தவிட்டால் தோல்வி என்பது அந்த விளையாட்டின் விதி. உத்தமன் வேகத்தைக் கூட்டினார். மூன்றாம் நாள் பின்கண்ணாடியில் சிவப்புக் காரைக் காணவில்லை.

“யாரோ கத்துக்குட்டி,” என்று அவர் ரஞ்சனாவிடம் சொன்னார். “ரெண்டு நாளா உயிரை வாங்கிட்டான்.”

அவரை இதற்காகக் குறை சொல்வது சரியா என்று தெரியவில்லை. ரயில் அட்டவணை போடுபவர்களுக்கு, எதிர்த்திசையில் வரும் வண்டி வேறு தண்டவாளத்தில் போகும் வண்டி. மோதாமல் கடந்துவிட்டால் அதைப் பற்றி அதற்குமேல் யோசிக்க எதுவும் இல்லை. இருபது வருடமாக அவர் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்.

ஆகஸ்ட் இருபதாம் தேதி, ஒரு நாள் தாமதமாக, உத்தமன் பெரம்பூரில் அந்த அடுக்ககத்தின் கீழே காரை நிறுத்தினார். இயந்திரம் ஓர் இசையை வாசித்தது. முதல் மாடி ஜன்னலில் விளக்கு எரிந்தது. அவர் ஹாரன் அடித்தார். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நிறுத்திய பிறகு இயந்திரம் டோக்கன் கேட்கவில்லை. ஆகவே கடை மூடும்வரை உட்கார்ந்திருந்தார். பிறந்தநாள் விருந்தில் மிச்சமான பாயசத்தை ரஞ்சனா ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் வைத்தார்.

மறுநாள் மதியம் அலுவலகத்தில் இருக்கும்போது அனுராதாவிடமிருந்து போன் வந்தது. அவர்கள் பிரிந்த பிறகு அவளாக அழைத்தது அதுவே முதல் முறை என்று உத்தமன் சொல்கிறார். இரண்டாவதாகவும் இருக்கலாம்.

“எங்க வீட்டு வாசல்ல நீலக் கார் ஒண்ணு நிக்குது. ஓரமெல்லாம் படிக்கட்டு மாதிரி இருக்கு. உங்களுதா?”

“ஆமா. அக்‌ஷயா பார்த்தாளா?”

“அவ எங்க பாக்குறது? அவ ஒடிஸால இருக்கா.”

அனுராதா மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். அதே கட்டடத்தின் இரண்டாம் மாடியில் ஒரு விளையாட்டு அரங்கம். பள்ளி விட்டதும் அம்மா வேலை முடிந்து வரும்வரை அக்‌ஷயா அங்கேதான் இருப்பாள். ஜோடி இயந்திரத்தில் மற்றொன்று அங்கே இருந்தது. ஜூலை நடுவில் ஒரு நாள் அவள் அதில் உட்கார்ந்து, திரையில் வந்த சாலையைப் பார்த்து, கல்கத்தாவுக்குக் கிளம்பியிருந்தாள்.

“கோதாவரிப் பாலத்துல எதிர்ல உங்க முகத்தைப் பார்த்துட்டுதான் லைட் போட்டிருக்கா. நீங்க பாட்டுக்கு விலகிப் போயிட்டீங்க. பின்னாடியே வந்து ‘தாடாவ், தாடாவ்’னு கத்தியிருக்கா. நில்லுங்கன்னு வங்காளத்துல சொன்னா உங்களுக்குப் புரியும்னு நினைச்சாளாம். நீங்க ஸ்பீடு ஏத்தியிருக்கீங்க.”

“எனக்குத் தெரியல அனு. எதிர்ல வர்ற வண்டின்னு...”

“உங்களுக்கு எதிர்ல வர்றது எல்லாமே தடங்கல்தானே. அன்னைக்கு ஹவுரால எங்க ரயில் கிளம்பினப்போகூட நீங்க வாட்சைத்தான் பார்த்தீங்க, கரெக்ட் டைமுக்கு எடுத்தானான்னு. அவ ஜன்னல்ல இருந்து கையாட்டிட்டே இருந்தா. அதை அவ மறக்கல.”

அனுராதா போனை வைக்கவில்லை, மேலே சொன்னாள்:

“ரெண்டு நாள் அழுதா. அப்புறம் இவ்வளவு தூரம் வந்தாச்சு, டாக்குரியா வரைக்கும் போயிடுறேன்னுட்டா. நீங்க திரும்பத் துரத்திட்டுப் போகாதீங்க. ஒரே இடத்துல இருங்க. இருக்க முடியுமா?”

அன்றிலிருந்து அவள் வரும்வரை உத்தமன் இயந்திரத்தில் உட்காரவில்லை. அலுவலகம் விட்டதும் நேராக வந்து கடை வாசலில் நின்றார். சிவப்புக் கார் எப்போது வரும் என்று கணக்கிடுவது அவருக்குச் சுலபம்தான். ஆனால் அவர் அட்டவணை எதுவும் தயாரிக்கவில்லை என்பதை ரஞ்சனா உறுதியாகச் சொல்கிறார். துர்கா பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டத் தொடங்கியிருந்தார்கள். கட்டுபவர்கள் அவரைப் பந்தல் குழுவைச் சேர்ந்தவர் என்று நினைத்துக் கயிற்றைப் பிடிக்கச் சொன்னார்கள், அவரும் பிடித்தார். மூன்று வாரத்துக்கு மேல் இப்படிப் போனது. பாலேஸ்வர் பக்கம் வெள்ளம் என்று செய்தி வந்த நாளில் அவர் சாப்பிடவில்லை.

செப்டம்பர் பதின்மூன்றாம் தேதி, சனிக்கிழமை, விளக்கு வைத்த பிறகு சிவப்புக் கார் டாக்குரியா மேம்பாலத்திலிருந்து இறங்கி வந்தது. சரியான நேரம் தெரியவில்லை. அங்கிருந்த யாரும் குறித்துக்கொள்ளவில்லை, உத்தமனும் பார்க்கவில்லை. காரின் விளிம்புகள் சின்னச் சின்னச் சதுரங்களாக இருந்தன. சக்கரங்கள் சுற்றும்போது சிறிது தாமதித்துச் சுற்றின. போக்குவரத்துக் காவலர் முகமது இஸ்மாயில் அதை நிறுத்தி, நம்பர் பிளேட்டில் வெறும் 2 என்று மட்டும் இருப்பதைப் பார்த்தார். பிறகு ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருந்தவளைப் பார்த்தார். “ஓரமாப் போடு மா, ஆட்டோ லைனை மறைக்காதே,” என்று சொல்லிவிட்டு, வரிசையில் நின்ற ஆட்டோக்களைப் பின்னால் தள்ளி இடம் செய்துகொடுத்தார்.

உத்தமன் காரின் முன்னால் போய் நின்றார். கண்ணாடி இறங்கியது.

“அப்பா, பின்னாடி நகரு. காலு மேல ஏத்திடுவேன்.”

அவர் நகர்ந்தார். அக்‌ஷயா காரை இரண்டு முறை முன்னும் பின்னும் எடுத்து, மூங்கில் கம்பம் ஒன்றில் லேசாக இடித்து, நிறுத்தினாள். அவளுக்குப் பத்து வயது ஆகியிருந்தது. முன்பல் வரிசை மாறியிருந்தது.

“சாப்டியா?” என்று கேட்டார் உத்தமன்.

“மெஷின்ல உட்கார்ந்து சாப்பிடக் கூடாதுன்னு இங்க சென்னைல போர்டு வெச்சிருக்காங்க.”

ரஞ்சனா ஒரு பீட்சாத் துண்டைக் கொண்டுவந்து ஜன்னல் வழியே நீட்டினார். கண்ணாடியைத் தாண்டி உள்ளே போனதும் அது எட்டுச் சதுரங்களாக மாறியது. ருசி சரியாகத்தான் இருக்கிறது என்றாள் அக்‌ஷயா. வாயில் வைத்துக்கொண்டே கேட்டாள்:

“லைட் போட்டேன்ல? பாக்கலையா?”

“பார்த்தேன். நீன்னு தெரியல.”

“வேற யாருப்பா உனக்கு லைட் போடப்போறாங்க?”

“யாரும் இல்ல” என்றார் உத்தமன். அவள் தலையாட்டினாள். கணக்கில் சரியான விடை சொன்ன பிள்ளையைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தாள். அதன் பிறகு அவர்கள் பேசியது ஆட்டோ சத்தத்தில் கேட்கவில்லை. சென்னையில் அனுராதா கடையைப் பூட்டிவிட்டு வந்து கூப்பிட்டதும் இருக்கை காலியானது. கார் அங்கேயே நின்றது.

இப்போதும் நிற்கிறது. பூஜையின்போது பந்தல் குழுவினர் ஒரு கம்பத்தை மட்டும் இரண்டடி தள்ளி நட்டார்கள். சனிக்கிழமை மாலைகளில் அக்‌ஷயா அதில் வந்து உட்காருகிறாள். தேர்வு இருந்தால் வருவதில்லை, புதிய தோழி ஒருத்தியின் வீட்டுக்குப் போவதாலும் சில வாரங்கள் வருவதில்லை. வராத சனிக்கிழமைகளில் உத்தமன் கார் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். கண்டிப்பாக வா என்று அவர் சொன்னதில்லை.

நீலக் கார் பெரம்பூரில் நிற்கிறது. வழியை மறைப்பதாக அனுராதா வாட்ச்மேனிடம் இரண்டு முறை புகார் செய்தாள். இழுத்துப் போக வந்தவர்களின் கொக்கி அதன் விளிம்பில் மாட்டவில்லை. நவம்பரில் சென்னையில் மழை பிடித்தபோது, அவள் கடையிலிருந்து வரும் வழியில் ஒரு கார் உறை வாங்கி வந்து அதன்மேல் போர்த்தி, நான்கு மூலையிலும் கயிறு கட்டினாள். அதனால் ஜல்மலில் மூன்றாம் எண் இயந்திரத்தின் திரை இப்போது வெறும் சாம்பல் நிறமாகத் தெரிகிறது. பழுது என்று நினைத்து ரஞ்சனா மெக்கானிக்கைக் கூப்பிட்டார். அவர் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது, மேலே ஏதோ மூடியிருக்கிறது என்று சொல்லிப் போனார். சனிக்கிழமை தவிர மற்ற நாட்களில் உத்தமன் அந்த இயந்திரத்துக்குள் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார். காதை வைத்துக் கேட்டால் துணியில் மழை விழும் சத்தம் வரும். சில மாலைகளில், உறையின்மேல் தேங்கிய தண்ணீரை யாரோ உள்ளங்கையால் தட்டிவிடும் சத்தமும் கேட்கும்.