ரேகை விழவில்லை

வலது தோள் இன்னும் வலிக்கிறது. கையை நெஞ்சுக்கு மேல் தூக்க முடியவில்லை. தை மாதம் கல்வராயன் மலையில் எங்கள் ஊரை அளந்தபோது, வண்டி ஏறாத இடத்துக்கெல்லாம் எல்லைக்கல் சுமந்தவன் நான். ஓடையோரக் கொல்லையின் நாலு மூலைக்கும் நாலு கல்லை நான்தான் சுமந்து போட்டேன். அந்தக் கொல்லை என்னுடையது அல்ல.

அது கொளஞ்சியம்மாள் கொல்லை. நாற்பது வருஷத்துக்கு முன்னால் என் அப்பாவும் அவள் மாமனாரும் மாற்றிக்கொண்டது. எங்கள் ஓடையோரம் நாற்பது சென்ட் அவர்களுக்கு, அவர்கள் மேட்டுக்கொல்லை அறுபது சென்ட் எங்களுக்கு. கோயில் வாசலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்து முடித்த பேச்சு. எங்கள் பக்கம் அப்படித்தான். பேசினவன் செத்தாலும் பேச்சு நிலைக்கும். பட்டாவை யாரும் மாற்றவில்லை.

அளக்க வந்த அதிகாரி வெற்றிசெல்வன் கையில் ஒரு டேப்லெட் வைத்திருந்தார்.

"இது பிளாக்செயின் பதிவுங்க. ஒருவாட்டி ஏறிட்டா தாசில்தார் நெனச்சாலும் அழிக்க முடியாது. யோசிச்சு சொல்லுங்க."

யோசித்துத்தான் சொன்னேன். ஓடைத் தண்ணீர் கோடையிலும் வற்றாது. கொளஞ்சியம்மாள் அப்போது குடகில் காப்பிக்கொட்டை பறித்துக்கொண்டிருந்தாள். கீழே ஓடையோரத்துக்கு எங்கள் பழைய பட்டாவைக் காட்டினேன். மேலே மேட்டுக்கொல்லைக்கு என் உழவைக் காட்டினேன். இரண்டும் என் பெயரில் ஏறின. 'ஓடையோர நிலத்தில் வேறு யாருக்கும் பாத்தியம் இல்லை' என்று ஒரு வரி இருந்தது. படித்துக் காட்டி, ரேகை வைக்கச் சொன்னார். கல் தூக்கித் தேய்ந்த விரலை மெஷின் எடுக்கவில்லை. தலைமுடியில் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கு ஏற்றி, திரும்பத் திரும்ப வைத்தேன். ஐந்தாவது தடவை விழுந்தது. நாலு தடவை நிறுத்தியிருக்கலாம்.

சித்திரையில் அவள் வந்தாள். நட்டிருந்த கல்லைப் பார்த்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தாள்.

"என் கொல்லைக்கும் நீயே கல்லு சொமந்தியாமே தம்பி. தோளு பூட்ச்சின்னாங்க" என்று குடகிலிருந்து வாங்கிவந்த தைலப் புட்டியைக் கையில் வைத்தாள். வாங்கிக்கொண்டேன்.

போன மழையில் அவள் வீட்டுச் சுவர் விழுந்துவிட்டது. அவளும் மகள் சங்கவியும் மாட்டுக் கொட்டகையில் படுக்கிறார்கள். ஓடையோரக் கொல்லையில் அரசாங்க வீடு கட்ட எழுதிப்போட, இடத்துக்குக் காகிதம் கேட்டார்கள். தனக்குப் படிக்கத் தெரியாது என்று என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். வைகாசியில் ஒரு நாள் இருவரும் பஸ் பிடித்து வடக்கனந்தல் போனோம். அங்கே ஜுல்பிகர் ஆன்லைன் கடை வைத்திருக்கிறார்.

அவர் நிலத்தின் எண்ணைத் தட்டினார். "பேரு ஆண்டின்னு வருதேம்மா."

"ஆண்டி இதோ குந்திக்கினு கீறான்" என்று சிரித்தாள். "கல்லு சொமந்தவன் பேரையே எழுதிக்கினு பூட்டாங்க போல. அழிச்சிட்டு என் பேரப் போடுங்க பாய்."

"அழிக்கிற பேச்சே இல்லம்மா. இதே பதிவு பல ஊரு கம்ப்யூட்டர்ல நிக்குது. ஒண்ணுல கைய வெச்சா மத்ததெல்லாம் காட்டிக் குடுத்துடும்."

"அப்ப இன்னாதான் வழி?"

"இவரு ரேகை வெச்சா உங்க பேருக்கு மாத்திடலாம். பத்து நிமிஷ வேலை. பழைய பதிவு மட்டும் கீழ அப்டியே இருக்கும். யாரு, என்னிக்கி, இன்னா சொன்னாங்கன்னு. பிரிண்ட் எடுத்தா அதுவும் சேந்து வரும்."

அவர் கண் திரையில் அந்தப் 'பாத்தியம் இல்லை' வரியில் நின்றது. பிறகு என்னைப் பார்த்தார்.

அந்த பிரிண்ட் கொட்டகைக்குப் போகும். சங்கவி பன்னிரண்டாவது படித்தவள். உரக்கப் படித்துக் காட்டுவாள்.

விரலை மெஷினில் வைத்தேன். பட்டும் படாமல் ஓரத்தால் வைத்தேன். விழவில்லை. இன்னொரு தடவையும் அப்படியே வைத்தேன்.

"ரேகை வுழல பாய்."

"எங்க வுழும்? கல்லு சொமந்த கையி" என்றாள் கொளஞ்சியம்மாள். என் கையை இழுத்துத் தன் முந்தானையால் விரல் விரலாகத் துடைத்தாள். தோளில் சுரீர் என்றது. முகம் சுளித்ததைப் பார்த்துவிட்டாள். "வலிக்குதா? வுடு தம்பி. தோளு ஆறட்டும், அடுத்த வாரம் வருவோம். கொட்டாயில ஒரு வாரம் ஜாஸ்தியா படுத்தா செத்தா பூடுவோம்?"

"தலையில தேச்சு வெச்சா வுழும்" என்றார் ஜுல்பிகர், திரையைப் பார்த்தபடி.

எனக்குத் தெரியாததா. எழுந்துகொண்டேன்.

அது நடந்து ஆறு வாரம் ஆகிறது. மலையில் மழை பிடித்துவிட்டது. அவள் கொடுத்த தைலத்தைத்தான் இன்னும் தேய்க்கிறேன். தோள் ஆறிவிட்டதா என்று வழியில் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறாள். இன்னும் இல்லக்கா என்கிறேன். வலி பொய்யில்லை. ஆனால் விரலை அழுத்தத் தோள் எதற்கு?

கொளஞ்சியம்மாளுக்கு நான் தர வேண்டியது ஓடையோரம் நாற்பது சென்ட் நிலம். இன்னும் தரவில்லை.