பத்து மணி விமானம்

மலர்கொடி வியாழக்கிழமை ராத்திரி கண்ணை மூடினாள். செந்துறையில் அவர்கள் தெருவே வாசலில் கூடிவிட்டது. அவள் புருஷன் வெள்ளைச்சாமிக்கோ ஒரே கவலை, மச்சினன் வந்து சேர வேண்டும். பெண்ணாய்ப் பிறந்தவளுக்குக் கடைசியாகப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை போர்த்தித்தான் எடுக்க வேண்டும். அதைக் கொண்டுவர வேண்டிய ஒரே தம்பி தமிழழகன் சிங்கப்பூரில் வேலையில் இருந்தான். தாயில்லாத அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். தனக்கொரு பிள்ளை பிறக்காத குறையை அவனை வைத்தே ஆற்றிக்கொண்டாள். "எனக்குத் தம்பி கையால கோடி விழுந்தாப் போதுங்க" என்று படுக்கையில் கிடந்தபோது சொல்லியிருந்தாள். அந்த ஒன்றையாவது நிறைவேற்றிவிட வேண்டும் என்று வெள்ளைச்சாமி துடித்தார்.

விடியற்காலையில் செல்போன் அடித்தது.

"டிக்கெட் கெடச்சிருச்சு மாமா. பத்து மணிக்கு பிளைட்டு, நேரா திருச்சிதான். அக்காவ..." தமிழழகன் உடைந்து அழுதான். இவரும் அழுதுகொண்டே போனை வைத்தார்.

வெள்ளைச்சாமி கணக்குப் போட்டார். சிங்கப்பூருக்கும் திருச்சிக்கும் ஆகாயத்தில் நாலு மணி நேரம் என்பது அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிறவனுக்கும் தெரியும்; தெருவுக்கு இரண்டு பேர் அங்கே கிடந்து உழைக்கிறார்கள். பத்தும் நாலும் சேர்ந்தால் பகல் இரண்டு. பெட்டியை வாங்கி வெளியே வர ஒரு மணி நேரம், அரியலூர் வழியாகக் காரில் இரண்டரை மணி நேரம். வந்து இறங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

"மூணு மணிக்கு எமகண்டம்" என்றார் பங்காளி பூமாலை. "அதுக்கு முன்னாடி எடுத்தாகணும். நாளைக்குத் தள்ளுனா சனிக்கெழம. ஊரு ஒத்துக்காதுப்பா."

"மச்சினன் வராம எப்புடிண்ணே எடுக்கறது?"

"நீயே சொல்லு, எத்தன மணிக்கு வருவான்?"

சொன்னார். தன் வாயாலேயே சொன்னார். அதற்குப் பிறகு யாரும் காத்திருப்பதைப் பற்றிப் பேசவில்லை. திருமானூரிலிருந்து வந்திருந்த அவள் சித்தப்பா மகன் குருநாதன் கோடி போர்த்தினான். இரண்டு மணிக்குப் பாடை கிளம்பியது. பிள்ளை இல்லாததால் வெள்ளைச்சாமியே கொள்ளி வைத்தார்.

தீ நன்றாகப் பிடித்துவிட்ட நேரத்தில், சுடுகாட்டுப் பாதையில் ஒரு வாடகைக் கார் குலுங்கிக்கொண்டு வந்து நின்றது. தமிழழகன் இறங்கி ஓடிவந்தான். சிங்கப்பூரிலேயே வாங்கிவந்த அரக்குச் சேலை கையில் இருந்தது.

"என்ன மாமா... அதுக்குள்ளயா?"

"பத்து மணி பிளைட்டுன்னியேடா!" வெள்ளைச்சாமி கத்தினார். "இப்ப மூணுதானே ஆவுது? எப்புடிடா வந்த?"

"அங்க பத்துன்னா நம்மூருல ஏழரை மாமா. பதினொன்னரைக்கே திருச்சியில எறங்கிட்டேன். அந்த ஊரு சிம்மு இங்க எடுக்கல, போன் பண்ண முடியல. வுழுந்தடிச்சு ஓடியாரேன். நேரம் தெரியாதா உங்களுக்கு?"

தெரியாது.

"அக்காவுக்குத் தெரியுமே மாமா" என்று தமிழழகன் விம்மினான். "போன் பண்ணும்போதெல்லாம், ஒனக்கு ரெண்டரை மணி நேரம் கூட, தூக்கம் கெட்டுடும், வைடான்னு சொல்லுமே. உங்ககிட்ட சொன்னதில்லையா?"

சொல்லியிருப்பாள். அக்காளும் தம்பியும் பேசுகிற பேச்சுதானே என்று அவர் ஒருநாளும் காது கொடுத்ததில்லை. தமிழழகன் சேலையைப் பிரித்து நெருப்பின் மேல் விரித்தான். வெள்ளைச்சாமி புழுதியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். காலையில் அவர் கணக்குப் போட்டபோது, அதைச் சரியாகப் போட்டுத் தரக்கூடியவள் நடுவீட்டில்தான் படுத்திருந்தாள்.