நாற்பத்தெட்டு மணி நேரம்

அந்தப் படத்தில் அவள் அழுது முடித்த முகத்தோடு நிற்கிறாள், மொட்டை அடித்து மூன்று மாதம் ஆகியிருக்கும், தலை முழுக்க முள்முள்ளாய் முடி, யாரோ பின்னாலிருந்து பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள், அந்தக் கைகள் மட்டும் தெரிகின்றன, கீழே வயது இரண்டு, பிறந்த தேதி, எடை, ரத்த வகை, அதற்கும் கீழே சிவப்பு எழுத்தில் நாற்பத்தெட்டு மணி நேரம், அதற்குள் சம்மதம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் குழந்தை அடுத்த பெற்றோருக்குப் போய்விடும், தத்தெடுக்கப் பதிவு செய்து ஐந்து வருஷம் காத்திருந்து வந்த படம் அது, என் மனைவி செண்பகவல்லி போனைப் பிடுங்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடுகிறாள், ஏங்க, இவ காதைப் பாத்தியளா, மடிச்சு வச்ச மாதிரியே இருக்கு, எங்கப்பாவுக்கும் இப்படித்தான், என்கிறாள், பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிகிறது, அவள் அதைத் துடைக்கக்கூட இல்லை.

அந்த ஐந்து வருஷமும் நான் வாயை மூடியதில்லை, கோவில்பட்டியில் நான் திட்டாத டீக்கடை கிடையாது, ஒரு பிள்ளைக்கு அப்பனாவதற்கு இந்த நாட்டில் இவ்வளவு நாள் வரிசையில் நிற்க வேண்டுமா, அங்கே பிள்ளைகள் ஏங்கிக் கிடக்க இங்கே ஃபைல் தூங்குகிறதே என்று ஆசிரியர் அறையில் மேஜையைத் தட்டிப் பேசியிருக்கிறேன், தத்துக் கொடுப்பதில் தாமதத்தைக் குறைக்க வேண்டும் என்று இரண்டு முறை மனு எழுதிப் போட்டிருக்கிறேன், சொல்லவே நாக்கு கூசுகிறது, அப்பேர்ப்பட்ட நான் அந்தப் படம் வந்த மறுநாள் காலையில் பன்னிரண்டாம் வகுப்புக்கு ஒளியைப் பற்றிப் பாடம் நடத்திவிட்டு, மத்தியானம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற கம்ப்யூட்டர் ஜாதகக்காரரிடம் போய் உட்கார்ந்தேன்.

யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை, சும்மா ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் மனசுக்கு நிம்மதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், பிறந்த நேரம் என்ன சார், தெரியாதுங்க, சரி விடுங்க, தேதி இருக்குல்ல, நட்சத்திரம் புடிச்சிரலாம், என்று தட்டினார், தாள் வெளியே வந்தது, அதை அவர் படித்த விதமும், என் ஜாதகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த விதமும், பிறகு கண்ணாடியைக் கழற்றிய விதமும் இப்போதும் கண்ணில் நிற்கின்றன, பிள்ளை நல்லாருக்கும் சார், ஆனா அப்பனுக்கு ஆகாது, ரெண்டு வருசத்துல உங்களுக்குக் கண்டம் காட்டுது, அப்புறம் உங்க இஷ்டம். மானங்கெட்டவன் நான், வெயிலில் நடந்து வந்தேன், ஒன்பது கிலோ எடையுள்ள ஒரு பிள்ளையை நினைத்துப் பயந்துகொண்டே நடந்து வந்தேன், என் உயிர் எனக்கு அவ்வளவு பெரிதாகப் போய்விட்டது, சம்மதத்தை நானே போட்டுவிடுகிறேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன், பள்ளிக்கூட லேபில் கம்ப்யூட்டரைத் திறந்து அந்தச் சம்மதப் பொத்தானைப் பார்த்தபடி இருந்தேன், மிச்சம் முப்பது மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம், வேண்டாம் என்று அழுத்தவும் தைரியம் இல்லை, வேண்டும் என்று அழுத்தவும் தைரியம் இல்லை, நேரம் தானாக முடியட்டும் என்று விட்டேன், வீட்டில் செண்பகவல்லி கட்டிலில் இரண்டு குட்டிக் கவுன்களை விரித்து வைத்திருக்கிறாள், சர்வர் கிடைக்கலம்மா, ரெண்டு நாளா முட்டிப் பாத்தேன், டைம் முடிஞ்சு போச்சு, என்றேன்.

அவள் அழுத அழுகையைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, அழுது முடித்து அந்த அலுவலகத்துக்குப் போன் போட்டாள், எடுத்தவர் யாரோ பாவம், எங்க பக்கம் எந்தக் கோளாறும் இல்லையேம்மா என்று மெதுவாகச் சொல்கிறார், எனக்கே கேட்கிறது, இவள் வாய்க்கு வந்தபடி ஏசுகிறாள், வாங்குத சம்பளத்துக்கு வேலை செய்ய மாட்டிய, எம்பிள்ளையை எங்கிட்ட குடுக்கதுக்கு உங்களுக்கு என்ன வலிக்கி, போனை வைத்துவிட்டு, பொய் சொல்லுதான் பாருங்க, என்றாள், ஆமா, எல்லாவனும் அப்படித்தான், என்றேன் நான், அடப்பாவி, அதையும் சொன்னேன்.

பதில் சொல்லாததால் பதிவு வரிசையில் நாங்கள் கடைசிக்குப் போனோம், ரெண்டு வருஷத்தில் எனக்கு ஒரு கண்டமும் வரவில்லை, ஒரு தலைவலிகூட வரவில்லை, நான்கு வருஷம் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை செண்பகவல்லி போனைத் தூக்கிக்கொண்டு வருகிறாள், ஐந்து வயது தாண்டிய பிள்ளைகளை யாரும் அதிகம் கேட்பதில்லை என்பதால் அவர்களுக்குத் தனிப் பட்டியல் உண்டு, காத்திருப்பவர் யாரும் உடனே கேட்கலாம், அதில் ஒரு படம், ஆறு வயது, ரெட்டைச் சடை, மடித்து வைத்த காது, ஏங்க, நம்ம பிள்ளைதாங்க இவ, சாமி நமக்குன்னே வச்சிருக்கு பாத்தியளா, என்று என் நெஞ்சில் தலையை முட்டி அழுகிறாள், அந்த நெஞ்சுக்குள் இருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

திண்டுக்கல்லில் அந்த இல்லத்தின் ரெஜினா சிஸ்டர் எங்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டு ஃபைலைப் புரட்டினார், ரெண்டு வயசுலயே ஒரு குடும்பத்துக்குப் போயிருக்கணும்ங்க, அவங்க பதிலே சொல்லாம விட்டுட்டாங்க, அப்புறம் இவளுக்கு பிரைமரி காம்ப்ளக்ஸ், சின்னப் பிள்ளைங்களுக்கு வர்ற காசநோய், வந்துருச்சு, மருந்து முடியறதுக்குள்ள பழைய மெடிக்கல் சர்டிபிகேட் செல்லாமப் போச்சு, புதுசு வாங்கி ஏத்தறதுக்குள்ள வயசு ஏறிருச்சு, பெரிய பிள்ளைன்னா யார் கேக்கறா. நாங்கதான் சிஸ்டர் அது, சர்வர் வேலை செய்யல, என்று செண்பகவல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள், சிஸ்டர் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார், நான் காப்பியைப் பார்த்தேன், பேச்சை மாற்றுவதற்காகப் பிறந்தநாளைப் பற்றி என்னவோ கேட்டேன், தேதியா, அது நான் வச்சதுங்க, பஸ் ஸ்டாண்டுல கெடச்ச பிள்ளை, டாக்டர் பல்லைப் பாத்து வருஷத்தைச் சொன்னார், பொறந்தநாள் இல்லாம வளரக் கூடாதேன்னு நான் கன்னியாஸ்திரியா வார்த்தைப்பாடு குடுத்த நாளைப் போட்டேன், என்றார் சிஸ்டர். நான் பயந்து நடுங்கிய நட்சத்திரம் யாருடையதும் இல்லை, அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும், கையெழுத்துப் போட்டேன்.

அமுதினி எங்கள் வீட்டுக்கு வந்து ஐந்து வருஷம் ஆகிறது, வந்த புதிதில் மாதத்துக்கு ஒருமுறை கேட்பாள், எப்பா, ஏன் இவ்ளோ லேட்டா வந்தீங்க, நான் ஒவ்வொரு முறையும், ஆபீஸ்ல லேட் ஆக்கிட்டாங்கம்மா, என்பேன், செண்பகவல்லி பக்கத்திலிருந்து, நாசமாப் போறவனுவ, என்பாள், அப்புறம் அமுதினி கேட்பதை விட்டுவிட்டாள், நம்பிவிட்டாள் என்று நானும் நிம்மதியாக இருந்தேன், இன்றைக்குச் சாயங்காலம் தமிழ் நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைக்கிறாள், ஆறாம் வகுப்பு, உங்களுக்குத் தெரிந்த ஒரு குறையைத் தீர்க்கக் கோரி அதிகாரிக்குக் கடிதம் எழுதுக, மற்றவர்கள் தெருவிளக்கைப் பற்றியும் குடிதண்ணீரைப் பற்றியும் எழுதுகிறார்களாம், எப்பா, பிழை இருக்கான்னு பாருங்க.

பொருள், குழந்தைகளைத் தாமதமின்றிப் பெற்றோரிடம் ஒப்படைக்க வேண்டுதல், ஐயா, எங்கள் இல்லத்தில் ஒரு குழந்தையை அம்மா அப்பா வந்து அழைத்துப் போனால் அன்று எல்லோருக்கும் பாயசம் கொடுப்பார்கள், நான் பதினேழு பாயசம் குடித்தேன், பதினெட்டாவதுதான் எனக்கு, என் அம்மாவும் அப்பாவும் நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே தயாராக இருந்தார்கள், நீங்கள்தான் தரவில்லை, என் அப்பா நல்லவர், அவரைக் காக்க வைத்தீர்கள், இனிமேல் எந்தக் குழந்தையையும் இப்படிச் செய்ய வேண்டாம்.

ஒரு பிழையும் இல்லை, குண்டு குண்டான எழுத்து, இந்தக் குழந்தைக்கு எங்கள் வீட்டில் பாயசம் ஏன் பிடிப்பதில்லை என்று செண்பகவல்லி எத்தனை நாள் கவலைப்பட்டிருக்கிறாள், அவள் இப்போது மாவுக் கையோடு கதவருகே வந்து நிற்கிறாள், என்ன எழுதிருக்கா, வாசிங்க, என்கிறாள், நான் நோட்டை அமுதினியிடமே கொடுக்கிறேன், அமுதினி பென்சிலைக் கடித்துக்கொண்டு, பெறுநர்ல மட்டும் யாரப் போடன்னு தெரியலப்பா, மிஸ் கலெக்டர்னு போடச் சொன்னாங்க, அவங்கதான் லேட் ஆக்குனாங்களா, என்கிறாள். இல்லம்மா என்றேன். அப்ப யாரு. என் பெயரைச் சொன்னேன், இனிஷியலோடு, கதவு எண், தெரு, கோவில்பட்டி, எல்லாம் சொன்னேன், அவள் சிரித்துவிட்டாள், எப்பா, அது நம்ம வீடு, அனுப்புநர்லயும் அதானே இருக்கு. கதவருகே செண்பகவல்லி சிரிக்கவில்லை, மாவு தரையில் சொட்டுகிறது, அவள் என்னையே பார்க்கிறாள். இருக்கட்டும், அதையே எழுதும்மா, என்றேன்.