சுருட்டைக்குள் நேர்மயிர்

சிசிலியாவின் தலைமயிர் பிறவியிலேயே சுருட்டை. தாய் லூர்த்தம்மா ஞாயிறு பூசைக்கு முன் தேங்காயெண்ணெயை அப்பி, சீப்பின் பல்லு முறிய முறிய இழுத்து, இரட்டைப் பின்னலாகக் கட்டிவிடுவாள். கோவில் வாசலுக்குப் போவதற்குள் நெற்றியோரமெல்லாம் மறுபடி சுருண்டுவிடும். அக்கா யசிந்தாவுக்கு இடுப்புக்குக் கீழே விழும் நேர்மயிர், கொஞ்சம் செம்பட்டை. கரையோரக் குருநகரில் அந்தத் தலையைத் திரும்பிப் பார்க்காதவர்கள் குறைவு.

"அம்மா, அவளை விடுங்கோ. கத்துறாளெல்லே," என்று அக்காதான் சீப்பைப் பறிப்பாள். பிறகு தானே விரல்களால் சிக்கெடுத்து, நோகாமல் பின்னிவிடுவாள். நாலு பிரிப் பின்னல். அது அவளுக்கு மட்டுந்தான் வரும்.

எண்பத்தைந்தில் ராணுவச் சுற்றிவளைப்புகள் கூடியபோது மாமா கிறகோரி தன் குடும்பத்தோடு இந்தியாவுக்கு வள்ளம் ஏறினார். யசிந்தாவும் கூடப் போனாள். அந்தக் கிழமை நடுக்கடலில் ஒரு வள்ளம் துவக்குச் சூடுபட்டது என்று கரையில் கதைத்தார்கள். எந்த வள்ளம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. யசிந்தாவிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

எண்பத்தேழில் இந்திய ராணுவம் பட்டணத்துக்குள் வந்த ஐப்பசியில் தாயும் மகளும் மற்றச் சனத்தோடு கோவிலுக்குள் அடைந்து கிடந்தார்கள். குடிக்கவே தண்ணீர் இல்லை. தலை முழுகுவது எங்கே? வீடு திரும்பியபோது சிசிலியாவின் பிடரியில் மயிர் சிக்குப்பிடித்துக் கயிறுபோல ஒரு சடை விழுந்திருந்தது. எண்ணெய் வைத்தாள், சீப்புப் போட்டாள். அது அசையவில்லை.

சோனகத்தெருவில் தையல் தைக்கும் கைருன்னிஸாவிடம் போனாள். கைருன்னிஸாவின் புருசனுக்கு லூர்த்தம்மா மீன் கொடுத்துப் பழக்கம். அவள் சிசிலியாவை வெளிச்சத்தில் மர வாங்கிலொன்றில் இருத்தி, பெரிய ஊசியொன்றால் சடையைப் பிரிக்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் கை நின்றது.

"பிள்ளை, இஞ்சை பார்."

நீளமான ஒரு மயிர். நேர்மயிர். வெயிலுக்குப் பிடித்தபோது செம்பட்டையாக மினுங்கியது.

"இது உன்ரை இல்லை," என்றாள் கைருன்னிஸா. "இன்னும் கனக்கக் கிடக்கு. எல்லாம் உள்ளுக்குள்ளை."

சிசிலியா அந்த மயிரை வாங்கி விரலில் சுற்றினாள். அவளுக்கு அது யாருடையது என்று தெரிந்தது.

சடையில் பிரித்த இடம் மறுநாள் காலையில் மூடிக் கிடந்தது. நுனியில் நாலு பிரிப் பின்னல் போட்டிருந்தது.

மாதங்கள் போகப் போகப் புதுச் சடைகள் விழுந்தன. கைருன்னிஸா ஊசியைக் கைவிட்டுவிட்டாள். "ஒண்டாய்த் திரண்டால் கழுத்துத் தாங்காது. தனித்தனியா விடுவம்," என்று சொல்லி, ஒன்றோடொன்று ஒட்டாமல் கிழித்து ஒழுங்காக்கினாள். முதலில் சிசிலியா அவற்றைச் சுருட்டிக் கொண்டை போட்டு மறைத்தாள். பிறகு முன்பக்கத்தை வகிடெடுத்துப் பின்னால் சேர்த்துக் கட்டினாள். உரும்பிராயிலிருந்து ஒரு மனிசி தேடி வந்து, அம்மன் இறங்கியிருக்கிறா என்று கும்பிட்டுக் கற்பூரம் கொளுத்தப் பார்த்தாள்.

"நான் வேதக்காரி, சைவமில்லை அம்மா," என்றாள் சிசிலியா.

"அதுக்கென்ன? அம்மனுக்கு உதெல்லாம் தெரியுமே?" என்று அந்த மனிசி கும்பிட்டுவிட்டே போனாள்.

லூர்த்தம்மாவுக்குப் பயம் பிடித்தது. மகளின் சடைக்குள் செம்பட்டை மயிரை அவளும் கண்டுவிட்டாள். "அவள் கடலுக்குள்ளை கிடந்து கேக்கிறாள். அவளின்ரை ஆத்துமத்துக்குப் பூசை ஒப்புக்குடுக்க வேணும்," என்று ஒற்றைக்காலில் நின்றாள். சிசிலியா மறுத்தாள். தாய் தன் பாட்டில் போய் சுவாமியாரிடம் சொல்லிவிட்டு வந்தாள்.

இறந்தோருக்கான பூசையில் சுவாமியார் பெயர்களை வாசித்தார். யசிந்தா என்ற பெயர் வந்ததும் சிசிலியாவின் தலை பின்பக்கமாக இழுபட்டது. யாரோ சடைகளை எல்லாம் ஒரே கையில் பிடித்து இழுத்ததுபோல. பின்னாலிருந்த வாங்கிலில் இருந்தது ஒரு கைக்குழந்தையும் தாயும் மட்டும். அந்தத் தாய் கண்ணை மூடிச் செபித்துக்கொண்டிருந்தாள். சிசிலியா நோவில் எழும்பிவிட்டாள்.

"அவ சாகேல்லை," என்றாள். கோவில் முழுக்கக் கேட்டது.

அன்றைக்குப் பிறகு பெண்கள் அவளோடு சேர்ந்திருந்து கிழிந்த வலை பொத்த வருவதில்லை. அவள் பொத்தவேண்டிய வலையை வாசல் படலையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

தொண்ணூறு ஐப்பசியில் போராளி இயக்கம் முஸ்லிம் சனத்தை ஊரைவிட்டுப் போகச் சொன்னது. செய்தி கேட்டு சிசிலியா ஓடினாள். சோனகத்தெருவில் கதவுகள் திறந்தபடி கிடந்தன. கைருன்னிஸாவின் மெசினில் ஒரு சட்டையின் கை பாதி தைத்தபடி இருந்தது. சிசிலியா அந்த வாங்கிலில் கனநேரம் இருந்தாள். அவளின் தலையைக் கூச்சமில்லாமல் தொட்ட ஒரே ஆள் போய்விட்டாள். அதன்பின் அவள் சடைகளைக் கட்டவில்லை, மறைக்கவில்லை. முழங்கால்வரை வளர விட்டாள்.

தொண்ணூற்றிரண்டில் ஒரு பின்னேரம் தலையில் முக்காடு போட்ட ஒருத்தி படலையைத் திறந்தாள். இந்தியாவிலிருந்து அகதிகளைத் திருப்பி அனுப்பிய கப்பலில் வந்து, கிளாலிக் கடலேரியை வள்ளத்தில் கடந்து வந்திருந்தாள். லூர்த்தம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தாள். அந்த இழுவையில் முக்காடு நழுவியது.

யசிந்தாவின் தலையில் ஒரு மயிர்கூட இல்லை.

மாமா குடும்பம் முகாமிலேயே நின்றுவிட்டதாகச் சொன்னாள். கடிதங்கள் போட்டதாகச் சொன்னாள். எதுவும் வந்து சேரவில்லை. சாப்பிட்டபின் சிசிலியா மெல்லக் கேட்டாள்.

"தலை எப்பிடி அக்கா?"

"எண்பத்தேழிலை காய்ச்சல் வந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமா இல்லாமல் போச்சு."

"உதிர்ந்ததோ?"

"உதிர்ந்தால் தலையணையிலை கிடக்குமெல்லே? ஒரு நாளும் கிடக்கேல்லை. காலமை தடவிப் பார்ப்பன், குறைஞ்சிருக்கும்." யசிந்தா தங்கையின் சடையொன்றை எடுத்து மூக்கில் வைத்து முகர்ந்தாள். அவளின் முகம் இறுகியது. "இஞ்சையோ இருந்தது?"

அந்தக் கேள்வியில் சந்தோசம் இருக்கவில்லை.

அக்கா திரும்பி வந்தது சிசிலியாவுக்குப் பெரிய நிம்மதிதான். ஆனால் காலையில் கண்விழிக்கும்போதெல்லாம் யசிந்தா பாயருகில் குந்தியிருப்பாள். ஒருநாள் சடைகளைத் தன் மொட்டைத் தலைமேல் போட்டுக் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தாள். சிசிலியாவால் எழும்ப முடியவில்லை. தலை அக்காவின் கையில் இருந்தது.

"விடுங்கோ அக்கா. நோகுது."

"எனக்கு நொந்தது உனக்குத் தெரியுமோ?" என்றாள் யசிந்தா. சத்தம் போடவில்லை.

அன்றே சிசிலியா வலை வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். "நான் களவெடுக்கேல்லை, அக்கா. வைச்சிருந்தன், அவ்வளவுதான். கொண்டு போங்கோ." தன் கையாலேயே ஒவ்வொன்றாக வெட்டி அக்காவின் மடியில் போட்டாள். தாய் சுவரோடு நின்று செபமாலை உருட்டினாள். கடைசிச் சடை விழுந்ததும் சிசிலியாவின் பிடரி குளிர்ந்தது. ஒரு நிமிடம் அழவேண்டும்போல இருந்தது, அழவில்லை.

யசிந்தா சடைகளை ஒரு துணித்தொப்பியில் வரிசையாகத் தைத்து, தொப்பியின் ஓரத்தைப் பிடரியில் ஊசிகளால் இறுக்கி அணிந்துகொண்டாள். முகம் பழையபடி வடிவாகியது. கரையில் சனம் அவளோடு கதைத்தது. தாய் சிரிக்கத் தொடங்கினாள். பொழுது போனது. ஒருநாள் லூர்த்தம்மா கூப்பிட்டு, "உதைக் கழட்டு பிள்ளை, தோய்ச்சுத் தாறன்," என்றாள். யசிந்தா ஊசிகளைக் கழற்றினாள். தொப்பி வரவில்லை. தாய் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். துணி உக்கி நூலாகிப் போயிருந்தது. சடைகள் தோலிலிருந்து வந்துகொண்டிருந்தன. அவற்றின் அடியில் புதிதாக முளைத்திருந்தது சுருட்டை.

லூர்த்தம்மா கையை எடுத்துவிட்டுப் போய் அடுப்பை மூட்டினாள்.

சிசிலியாவின் தலையில் அதற்குள் மயிர் தோள்வரை வந்திருந்தது, தன் பாட்டில் சுருண்டு. சீப்பை அவள் தொடவில்லை. ஆனால் கழுத்தில் ஒரு பாரமும் இல்லாமல் நடப்பது அவளுக்குப் பழகவில்லை. தொண்ணூற்றி நாலில் ஒரு மத்தியானம் கிணற்றடியில் இருந்து, மயிரைச் சின்னச் சின்னப் பிரியாகப் பிரித்து, விரலில் தண்ணீர் தொட்டு முறுக்கத் தொடங்கினாள். இந்தமுறை சடை தானாக விழவில்லை, அவள்தான் போட்டாள்.

யசிந்தா வந்து பக்கத்தில் நின்றாள்.

"பின்னுக்கு உனக்கு எட்டாது. திரும்பு, நான் செய்துவிடுறன்."

"வேண்டாம் அக்கா. எட்டும்."

சிசிலியா கிணற்றுக் கட்டில் முதுகைச் சாய்த்து, அக்காவின் முகத்தைப் பார்த்தபடியே, கைகளைப் பிடரிக்குக் கொண்டுபோய் முறுக்கினாள். தோள் உளைந்தது, ஆனாலும் தலையை மறுபடி அந்தக் கையில் கொடுக்கவில்லை. யசிந்தா அங்கேயே நின்றாள், வெயில் சரியும்வரை.