குணசீலனின் காலை மாத்திரை

நாமகிரிப்பேட்டையில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் குணசீலனுக்குக் குடலிறக்கம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். அறுவை சிகிச்சைக்காக நாமக்கல்லில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்திருந்தார்.

“ராத்திரிக்கு மேல ஒண்ணும் சாப்பிடக் கூடாது” என்று நர்ஸ் சொன்னதிலிருந்து மனைவி பிரவீனா அவரை விட்டு நகரவில்லை. தலையணைக்கடியில் அவர் பதுக்கியிருந்த வாழைக்காய் பஜ்ஜியைக் கண்டுபிடித்த பிறகு, அவர் சொன்ன எதையும் நம்பவும் இல்லை.

காலையில் குணசீலன் மாத்திரை அட்டையை எடுத்தார். பிரவீனா வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

“வலிப்பு மாத்திரை புள்ள. மயக்க டாக்டரம்மா போட்டுக்கச் சொன்னாங்க.”

“எப்பச் சொன்னாங்க?”

“நேத்து நீ கீழ போயிருந்தப்ப.”

“ஆமாங்க, பஜ்ஜியவும் அவங்கதான் தலகாணிக்கடியில வெக்கச் சொன்னாங்களாக்கும்!”

அவள் கட்டிலைச் சுற்றி ஓட, அவர் ஒரு கையால் அடிவயிற்றைத் தாங்கிக்கொண்டு துரத்தினார். காலில் மாவுக்கட்டோடு பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த சின்னண்ணன், “பின்னால வாராரு, ஓடு சாமி!” என்று அவளுக்குக் கட்சி சேர்ந்தார்.

சத்தம் கேட்டு மயக்க மருத்துவர் மைதிலி வந்துவிட்டார். “மாத்திரை போட்டாச்சுங்களா?”

“ஒரு சொட்டுத் தண்ணிகூட எறங்க உடலீங்க!” என்றாள் பிரவீனா பெருமையாக.

“அட, என்னங்க இது! சாப்பாடு வயித்துல இருந்தாத்தான் மயக்கத்துல மேல வந்து நுரையீரலுக்குள்ள போயிரும். வலிப்பு மாத்திரைய நிறுத்தவே கூடாது. நிறுத்தினா இன்னைக்கே வலிப்பு வந்துரலாம். ஒரு வாய்த் தண்ணியில போட்டுக்கட்டும்.”

பிரவீனாவின் முகம் வெளுத்தது. கல்யாணமான புதிதில் அவர் மோட்டார் கொட்டகையில் வெட்டி வெட்டி இழுத்துக் கிடந்ததை அவள் பார்த்திருக்கிறாள். அவசரமாக மாத்திரையைக் கொடுத்து, பாட்டில் மூடியில் தண்ணீர் அளந்து நீட்டினாள்.

“இது கோழிக்குஞ்சுக்கே பத்தாது புள்ள” என்றார் குணசீலன். டாக்டர் சிரித்துக்கொண்டே இன்னொரு மூடிக்கு அனுமதி கொடுத்தார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வலிப்பும் வரவில்லை. அரை மயக்கத்தில் கண் திறந்த குணசீலன், மைதிலியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “அத்தை, உங்க பொண்ணு எனக்குச் சோறே போட மாட்டேங்கறாங்க!”

பிரவீனா அதைச் செல்போனில் பிடித்து, சிரிப்பு தாங்காமல் பரமத்தி வேலூரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பினாள். அம்மா சிரிக்கவில்லை. அடுத்த பஸ்ஸில் இட்லித் தூக்கோடு வந்து இறங்கினார்.

மாப்பிள்ளை சாப்பிடலாம் என்று நர்ஸ் சொல்லும் வரைக்கும் அவர் மகளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.