ராக்கம்மாவின் கைநாட்டு

1951ஆம் வருஷம் மாசி மாதத்திலிருந்து ராக்கம்மாவின் இரண்டு கைகளிலும் ஒரு ரேகைகூட இல்லை. லுக்குட் சாலை ஒன்பதாங்கட்டை ரப்பர் தோட்டத்தில் அந்த வருஷம் பெய்த மழை எவ்வளவு, இறங்கிய பால் எவ்வளவு என்பது தெரிந்த மாதிரியே இதுவும் எல்லோருக்கும் தெரியும். உள்ளங்கை இரண்டும் விரல் பத்தும் கழுவிக் கவிழ்த்த பீங்கான் தட்டு மாதிரி வழவழவென்று இருந்தன. கோயில் திருவிழாவுக்கு ராசா என்ற ஊரிலிருந்து வந்த கைரேகை ஜோசியர் அவள் கையை முன்னும் பின்னும் திருப்பினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார், பிறகு சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டார். பால்வெட்டும் கத்தி பிடிக்க ரேகை எதற்கு? ராக்கம்மா தன் நிரையில் ஒரு மரம் விடாமல் வெட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

ரேகை எங்கே போனது என்பதிலும் மர்மம் ஒன்றும் கிடையாது. புருஷனோடு போயிற்று. அன்று காலை ஒன்பது மணிக்குப் பதினாலாம் நம்பர் ரப்பர் காட்டில் அவள் பால் வாளி இரண்டையும் அவர் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தபோது, சர்க்காரை எதிர்த்துப் பெருங்காட்டுக்குள் பதுங்கியிருந்த கம்யூனிஸ்ட்காரர்கள் இந்தப் பக்கமும் ரோந்து வந்த பட்டாளத்தார் அந்தப் பக்கமும் சுட ஆரம்பித்தார்கள். யார் குண்டு என்று இன்றுவரைக்கும் யாரும் சொல்லவில்லை. மார்பில் பொட்டு அளவுக்கு ஒரு துளை. ராக்கம்மா இரண்டு கையாலும் அதை அழுத்திப் பிடித்தாள். ஒன்பது மணிக்குப் பிடித்த பிடியை லோரி வந்த பதினொன்றரை வரைக்கும் விடவில்லை. உயிர் எப்போதோ போய்விட்டிருந்தது. கையைப் பிரித்து எடுத்தபோது ரேகை அத்தனையும் அவர் மார்பிலேயே நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுத் தாயம்மாதான் உடம்பைக் குளிப்பாட்டியவள். பத்து விரலும் இரண்டு உள்ளங்கையும் அச்சடித்த மாதிரி நெஞ்சில் இருந்தன, சீயக்காய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை என்று அவள் எல்லோரிடமும் சொன்னாள். அப்படியே அந்தக் காட்டு ஓரத்தில் புதைத்தார்கள். ஒப்பாரி வைக்கவில்லை. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் செத்தவருக்கு ஓங்கி அழுதால், நீ எந்தப் பக்கத்துக்காரி என்று எவனாவது கேட்பானோ என்ற பயம் தோட்டம் முழுக்க இருந்த காலம் அது. அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. ராக்கம்மா கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

அவர் பெயரை இப்போதே சொல்லிவிடலாம், நல்லசாமி. நாம் சொல்லலாம், ராக்கம்மா சொல்லமாட்டாள். புருஷன் பெயரைச் சொல்லாத பெண்கள் எல்லா வீட்டிலும் இருந்தார்கள், அதில் அதிசயமில்லை. ஆனால் இவள் பிடிவாதம் வேறு ஜாதி. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாக ‘நல்ல’ என்ற சொல்லே அவள் வாயில் வந்ததில்லை. நல்லெண்ணெய் அவளுக்கு எள்ளெண்ணெய். நல்ல மழை பெய்தால் வேண்டிய மழை. நல்லா இருக்கியா என்று கேட்டால் ‘சௌக்கியந்தான்’ என்பாள். சாமி கும்பிடப் போகிறாயா என்றால் ‘ஆண்டவனைப் பார்க்கப் போறேன்’ என்பாள். தோட்டமே இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது, நல்லசாமியும் சேர்ந்துதான் சிரிப்பார்.

அந்த வருஷம் ஆனி மாதம் காட்டிலிருந்து இறங்கி வந்தவர்கள் தோட்டத்து அடையாளக் கார்டுகளை எல்லாம் பிடுங்கி, காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் கொளுத்திவிட்டுப் போனார்கள். மறு வாரம் சிரம்பானிலிருந்து வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மேசை, மைப்பெட்டி, பழைய பதிவுக் கட்டுகளோடு வந்து உட்கார்ந்தார். ஆள் ஆளாகக் கட்டை விரலை மையில் ஒற்றிக் காகிதத்தில் வைக்க வேண்டும், பழைய ரேகையோடு ஒத்துப்போனால் புதுக் கார்டு. ராக்கம்மா வைத்த இடத்தில் கரிய வட்டம் ஒன்றுதான் விழுந்தது. நாலு தடவை துடைத்து வைக்கச் சொன்னார்கள், நாலு கரிய வட்டம் விழுந்தது. தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி திருநாவுக்கரசுக்கு யாப்பிலக்கணம் தலைகீழாகத் தெரியும், அந்தக் கர்வம் நடையிலேயே தெரியும். அவர் சும்மா இருப்பாரா? “கைநாட்டுக் கேஸுங்க நெறயப் பாத்துட்டேன். கைநாட்டு வைக்கக்கூட வக்கில்லாத ஆள இன்னிக்குத்தான்லா பாக்குறேன்” என்றார். களமே சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. ஆறு வாரம் தவணை கொடுத்தார். அதற்குள் ரேகை வராவிட்டால் கார்டு கிடையாது. கார்டு இல்லாதவளுக்குத் தோட்டத்தைச் சுற்றிப் போட்ட கம்பிவேலிக்குள் இடமில்லை, முதலில் தடுப்பு முகாம், பிறகு நாகப்பட்டினத்துக்குக் கப்பல்.

நாகப்பட்டினத்தை அவள் கண்ணால் கண்டதில்லை. இதே தோட்டத்தில் பிறந்தவள், லுக்குட்டைத் தாண்டிப் போனதே மூன்று தடவைதான். கப்பலுக்குக்கூட அவள் அஞ்சவில்லை. பதினாலாம் நம்பர் காட்டு ஓரத்தில் அவரைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது என்பதுதான் அவள் கவலை. “டிரஸ்ஸரய்யா, எப்படியாவது ரேகைய வரவச்சுக் குடுங்க. நான் இங்கதான் கெடக்கணும்” என்று தோட்டத்து ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றாள்.

டிரஸ்ஸர் ஜோசப்ராஜ் சிடுசிடுப்புக்காரர். பேதிக்கும் காய்ச்சலுக்கும் அவரிடம் மருந்து இருந்தது, ரேகைக்கு இல்லை. களிம்பு தடவிப் பார்த்தார், உப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பார்த்தார், விளக்கெண்ணெய் குடிக்க வைத்துப் பார்த்தார். விளக்கெண்ணெய் அதன் வேலையைச் செய்தது, ரேகை வரவில்லை. பத்தாம் நாள் நோயாளிச் சீட்டை நிரப்பும்போது, எப்போதிருந்து இப்படி என்று கேட்டார். அவள் சொன்னாள்: “மூடிப் பிடிச்ச ரெண்டு கையும் முழுசா அவர மூடல.” அவர் அதை அப்படியே எழுதினார். எழுதி முடித்ததும் அவர் கட்டை விரல் சுரீரென்றது. பார்த்தால், அவருடைய ரேகைகளுக்கு நடுவில் புதிதாக ஒரு கோடு. அன்று மத்தியானம் சாப்பாட்டில் கை வைத்தவர், முன்பின் பழக்கமில்லாத நல்லசாமிக்காகத் தேம்பித் தேம்பி அழுதார். சோறு ஆறிப்போயிற்று. சாயங்காலம் அவளைக் கூப்பிட்டனுப்பினார். “இந்தா பாரு ராக்கம்மா, மருந்து கண்டுபிடிச்சாச்சு. ஆனா உன் மருந்த நான் குடிச்சா எனக்குத்தான்லா வேல செய்யுது. நீயே எழுதணும்.”

எழுதுவதா? ராக்கம்மாவுக்கு ஓர் எழுத்து தெரியாது. ஆனால் எழுத்துக்குப் பஞ்சமில்லாத காலம் அது, வானத்திலிருந்தே விழுந்தது. காட்டுக்குள் இருப்பவர்கள் சரணடையட்டும் என்று நாலு மொழியில் அச்சடித்த நோட்டீஸ்களை விமானம் வாரத்துக்கு இரண்டு தடவை கொட்டிவிட்டுப் போகும். ரப்பர் மரக்கிளையெல்லாம் காகிதம். ராக்கம்மா பொறுக்கி வருவாள், டிரஸ்ஸர் முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக் காட்டுவார். ‘சரணடையுங்கள்’ என்ற சொல்லிலிருந்து எட்டு எழுத்து கற்றாள். ‘நல்ல உணவும் நல்ல மருத்துவமும் தரப்படும்’ என்ற வரி வந்தபோது மட்டும் முதல் சொல்லைக் கையால் மூடிக்கொண்டு, “இது வேணாங்கய்யா, அடுத்தது சொல்லுங்க” என்றாள். பதினெட்டு நாளில் அவளுக்குத் தேவையான எழுத்துகள் வந்துவிட்டன, தேவைப்படாதவற்றை அவள் சட்டை செய்யவில்லை.

மருந்துப் புட்டியில் வேளைக்கு எவ்வளவு என்று காட்டப் பல்வெட்டு வெட்டி ஒட்டுகிற காகிதப் பட்டி உண்டு. ஜோசப்ராஜ் அந்தப் பட்டியைத்தான் அவளிடம் கொடுத்தார். ஒரு வெட்டுக்கு ஒரு வரி. காலை, மத்தியானம், மாலை, சாப்பாட்டுக்குப் பின். குலுக்கிவிட்டு எழுதவும் என்று பழக்கதோஷத்தில் சொன்னார், அவளும் கையைக் குலுக்கிவிட்டுத்தான் எழுதினாள். பால் கொட்டிவிட்டு வந்து, கால் கழுவி, வாசற்படியில் உட்கார்ந்து, உள்ளே அழாமல் கிடந்த ஒப்பாரியை ஒவ்வொரு வரியாக வெளியே எடுத்தாள்.

மூடிப் பிடிச்ச ரெண்டு கையும் முழுசா உன்ன மூடலியே
ஓடிப் போன உசுரோட என் ரேகையுந்தான் ஓடிருச்சே
வெட்டுப்பட்ட மரத்துக்கெல்லாம் வருசம் போனா பட்ட மூடும்
பொட்டு அளவு தொளை ஒண்ணப் பொத்த எனக்குத் தெரியலியே

வரிக்கு ஒரு ரேகை வந்தது. முதலில் வலது கட்டை விரலின் ஓரத்தில், பிறகு உள்நோக்கி. வலது கை முழுக்கச் சாவு வந்தது. இடது கைக்குக் கல்யாணத்தையும் சண்டைகளையும் எழுதினாள், சிரம்பான் லோபாக்கில் புடவைக் கடை வாசலில் அவர் தொலைந்துபோய் மூன்று மணி நேரம் தேடவிட்டதையும் விடவில்லை. எழுதும்போது சிரித்தாள் என்று தாயம்மா சொன்னாள். தூக்கம் வந்தது, சோறு இறங்கியது. கிராணி ஒருநாள் அந்தப் பட்டியை வாங்கிப் பார்த்தார். இதில் சீர் இல்லை, தளை இல்லை, இது கவிதையே இல்லை என்று ஆரம்பித்தவர், மூடி, ஓடி, வெட்டு, பொட்டு என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினார். “எதுகை இருக்கு” என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்த நாலு வரியை முணுமுணுத்துக்கொண்டு போனாராம்.

எல்லாம் வந்தும் வலது கட்டை விரலின் நடுவில் சுழி மட்டும் வரவில்லை. உளுந்து அளவுக்கு ஓர் இடம் வெறுமையாகவே கிடந்தது. அவள் எதை எதையோ எழுதினாள், ரேகைகள் மற்ற விரல்களுக்குப் போயினவே தவிர அந்த இடத்தை நெருங்கவில்லை. என்ன பாக்கி என்பது டிரஸ்ஸருக்கும் தெரியும், தாயம்மாவுக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை. ஆறு வாரமும் முடிந்தது.

அதிகாரி பிரட்டுக்களத்தில் மேசை போட்டார். வாசலில் முகாமுக்குப் போகிற லோரி நின்றது. தோட்டமே கூடி நின்றது, இந்தத் தடவை சிரிக்க அல்ல. மொழிபெயர்க்கக் கிராணி பக்கத்தில் இருந்தார். பெயர் கேட்டார்கள், சொன்னாள். வயது கேட்டார்கள், உத்தேசமாகச் சொன்னாள். கணவர் பெயர் என்று கேட்டதும் வழக்கப்படி தாயம்மா அவளுக்காகச் சொல்ல வாயெடுத்தாள். “நீ இரு தாயம்மா” என்று ராக்கம்மா கையைக் காட்டினாள். பேனாவை எடுத்தாள். விமானம் போட்ட நோட்டீஸில் அன்று கையால் மூடிய சொல்லை ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள், அதன் பக்கத்தில் சாமியையும் எழுதினாள். நல்லசாமி. இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் முதல் தடவை. எழுதி முடித்ததைப் பார்த்துக்கொண்டே நின்றவள், “நல்லசாமி” என்று வாய்விட்டும் சொன்னாள். அப்புறம் ஓவென்று குரலெடுத்தாள். ஆறு மாசம் தள்ளிப்போன ஒப்பாரி பிரட்டுக்களத்தில் வெட்டவெளியில் ஒரு மணி நேரம் நடந்தது. பெண்கள் எல்லோரும் தோளோடு தோள் சேர்ந்து அழுதார்கள். எந்தப் பக்கத்துக்காரி என்று ஒருவரும் கேட்கவில்லை. அதிகாரி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார், மை காய்ந்துபோய் இரண்டாம் தடவை ஊற்ற வேண்டியிருந்தது.

பிறகு அவள் விரலை வைத்தாள். சுழியோடு முழு ரேகை விழுந்தது. அதிகாரி பழைய ரேகையைப் பக்கத்தில் வைத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். இது வேறு ஆள், ஒரு கோடுகூட ஒத்துப்போகவில்லை என்றார். கிராணி கண்ணாடியை வாங்கிக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. ஒவ்வொரு கோடும் எழுத்தாக இருந்தது. மூடிப் பிடிச்ச என்று ஓரத்தில் ஆரம்பித்து, சுற்றிச் சுற்றி உள்ளே போய், நடுச் சுழியில் நல்லசாமி என்று முடிந்தது. “தாயி, நீ எழுதினத அந்தப் பக்கம் திரும்பி நின்னு சொல்லு” என்றார். ராக்கம்மா முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னாள். அவர் கண்ணாடியை வைத்துக் கோடு கோடாகத் தொடர்ந்து, ஒவ்வொரு வரியையும் அதிகாரிக்கு ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தார். ஓர் எழுத்துப் பிசகவில்லை. ரேகையும் ஆளும் ஒத்துப்போகிறது என்று அதிகாரி எழுதிக் கையொப்பம் போட்டார். லோரி காலியாகத் திரும்பிப் போனது. அன்றைக்குத் தோட்டத்து ஜனங்கள் நிமிர்ந்து நடந்த நடையைப் பார்க்க வேண்டும், என்னவோ எல்லோர் விரலிலும் கவிதை முளைத்த மாதிரி! அதிகம் நிமிர்ந்தவர் கிராணிதான். “எதுகை மோனையோட ரேக வச்ச ஆளு ஜில்லாவுல எந்தத் தோட்டத்துல இருக்கு, சொல்லுலா?” என்று போகிற வருகிறவரையெல்லாம் பிடித்து நிறுத்திக் கேட்டார்.

அதற்குப் பிறகு டிரஸ்ஸரின் மாதக் கணக்கில் குயினைன், பஞ்சு, காஸ்துணி என்பவற்றுக்குக் கீழே கவிதை என்று ஒரு பத்தி சேர்ந்தது. தாயம்மாவின் இடது காதில் ஓயாமல் கேட்ட துப்பாக்கிச் சத்தம் பத்தொன்பது வரியில் நின்றது. பதினாலாம் நம்பர் சம்பவத்திலிருந்து பயத்தில் தரையைவிட்டு ஆறு அங்குலம் மேலேயே நடந்துகொண்டிருந்த, ஆட்களை மேய்க்கும் மண்டோர் அர்ச்சுனன், பதினொரு வரியில் கீழே இறங்கினார். செருப்பு தேயத் தொடங்கியதுதான் அவருக்கு வருத்தம். எழுத வராதவர்களுக்கு ராக்கம்மா எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். யார் சொன்னாலும் அவர்களுக்காக ஒரு வரிகூடத் தான் எழுதமாட்டாள், அவரவர் மருந்தை அவரவர்தான் குடிக்க வேண்டும் என்பாள். ஜோசப்ராஜின் விரலில் இருந்த அந்த ஒரு கோடு மட்டும் அவர் ஓய்வு பெறும்வரை போகவில்லை, ஒவ்வொரு மாசியிலும் அவர் ஒரு வேளை சாப்பிடமாட்டார்.

1958இல் குடியுரிமை எழுத லுக்குட்டுக்கு ஆட்கள் வந்திருந்தார்கள். ராக்கம்மா வெளுத்த புடவை கட்டிக்கொண்டு வரிசையில் நின்றாள். அவள் முறை வந்தது. சிரம்பானிலிருந்து புதிதாக வந்த தமிழ்க் குமாஸ்தா தலையைத் தூக்காமலேயே பேனாவையும் மைப்பெட்டியையும் ஒன்றாக முன்னால் தள்ளி, “எழுதத் தெரியுமாம்மா, கைநாட்டா?” என்று கேட்டார்.

“நல்லாப் பாருங்கய்யா, ரெண்டும் ஒண்ணுதான்” என்று சொல்லி அவள் கட்டை விரலை வைத்தாள். குமாஸ்தா பார்த்தார், நாலு வரியையும் படித்தார், நடுவில் இருந்த பெயரையும் படித்தார். மை ஒற்றுகிற தாளை வைத்து மெதுவாக ஒற்றி எடுத்து, விண்ணப்பப் பாரத்தில் கையெழுத்து என்று போட்டிருந்த இடத்தில் சரி என்று குறித்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.